காய்ச்சல் நாளிலும் கவலை நாளிலும் சுகரைக் கையாள்வது எப்படி: ராமநாதபுரம் கடற்கரையில் புதிதாகச் சர்க்கரை நோய் தெரிந்தவர்களுக்கு

சர்க்கரை நோய் என்று புதிதாகத் தெரிந்த வீட்டில் முதல் காய்ச்சல் வரும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். “ரெண்டு நாளா ஒண்ணுமே சாப்பிடலையே, மாத்திரை எதுக்கு?” என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். ஊசி போடுகிறவர்கள் ஊசியையும் நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் நாக்கு வறண்டு, ஆள் துவண்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்ப் பார்த்தால் சுகர் 400க்கு மேல் நிற்கும். சாப்பிடாமல் எப்படி ஏறியது என்று வீடே குழம்பும். அந்தக் குழப்பம் தீர்ந்துவிட்டால் செய்ய வேண்டியதெல்லாம் தானாகப் புரியும். ஆகவே முதலில் காரணம், பிறகு செய்முறை.

சாப்பிடாமலே சுகர் ஏறுவது

ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை முழுவதும் தட்டிலிருந்து வருவதில்லை. கல்லீரல் சர்க்கரையைச் சேர்த்து வைத்துக்கொள்கிறது; தேவைப்பட்டால் புதிதாகத் தயாரிக்கவும் செய்கிறது. நாம் தூங்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும் உடம்பு ஓடுவது அந்தக் கையிருப்பில்தான். காய்ச்சல், சளி, சீழ் பிடித்த புண், ஆபரேஷன், அடிபட்ட காயம், பல்வலி என்று எது வந்தாலும் உடம்பு அதை ஆபத்தாகவே எடுத்துக்கொள்ளும். உடனே அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்கள் கூடும். இவை கல்லீரலை உசுப்பி அதிகச் சர்க்கரையை வெளியே விடச் செய்கின்றன. ரத்தச் சர்க்கரையை இறக்கும் இன்சுலின் தன் வேலையைச் செய்யவிடாமல் தடுக்கவும் செய்கின்றன. நோய் இல்லாதவருக்குக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்டிவிடும். சர்க்கரை நோயாளிக்கு அந்த ஈடு கிடைப்பதில்லை. அதனால் தட்டு காலியாக இருந்தும் சுகர் ஏறுகிறது.

மனக் கவலையும் இதே ஹார்மோன்களைத்தான் கிளப்புகிறது. காய்ச்சலுக்கு ஒரு வழி, கவலைக்கு வேறு வழி என்று உடம்பில் கிடையாது.

ஏறிய சுகர் 180ஐத் தாண்டினால் சிறுநீரில் இறங்கத் தொடங்கும், கூடவே தண்ணீரையும் உப்பையும் இழுத்துக்கொண்டு. காய்ச்சல் வேர்வை ஒரு பக்கம், வாந்தி வயிற்றுப்போக்கு ஒரு பக்கம், இது ஒரு பக்கம் என்று உடம்பு வறள்கிறது. வறள வறள ரத்தம் கெட்டியாகி, சுகர் அளவு இன்னும் கூடுகிறது. நோய் நாளில் உயிருக்கு ஆபத்தாக முடிவது பெரும்பாலும் இந்த வறட்சிதான்.

சில சமயம் சுகர் முந்திக்கொள்ளும். காய்ச்சல் வெளியே தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அளவு ஏறி நிற்கலாம். சாப்பாடும் மாத்திரையும் வழக்கம்போல இருந்தும், காலை வெறும் வயிற்றில் 120 இருந்தவருக்கு 210 காட்டினால், “நேத்து என்ன தின்னே?” என்று சண்டை போடாமல் உடம்பைத் தேடிப் பாருங்கள்: பாதத்தில் புண் இருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, இருமல் இருக்கிறதா.

உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா போதும். உள்ளே இருக்க வேண்டியவை: குளுக்கோமீட்டர், குறைந்தது 25 ஸ்ட்ரிப், தெர்மாமீட்டர், 1 லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஐந்து, குளுக்கோஸ் பவுடர் 100 கிராம், பாரசிட்டமால் ஒரு அட்டை. இன்சுலின் போடுகிறவர்களும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற ‘ஃப்ளோசின்’ என்று முடியும் மாத்திரை எடுக்கிறவர்களும் சிறுநீரில் கீட்டோன் (உடம்பு கொழுப்பைக் கரைக்கும்போது உண்டாகும் அமிலம்) பார்க்கும் பட்டையும் ஒரு டப்பா வாங்கி வைக்க வேண்டும். ராமநாதபுரம் டவுன் மெடிக்கல்களில் கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் வந்த ராத்திரியில் தேடினால் கிடைக்காது.

ஸ்ட்ரிப் விஷயத்தில் கடலோரத்துக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்த ஈரக்காற்று ஸ்ட்ரிப்பைக் கெடுத்துவிடும். ஒன்றை எடுத்ததும் டப்பா மூடியை ‘டக்’ என்று சத்தம் வர அழுத்தி மூடுங்கள். எண்ணிக்கை பார்க்க வெளியே கொட்டுவது, வேறு டப்பாவுக்கு மாற்றுவது, சட்டைப் பையில் தனியாக ஒன்றிரண்டு வைத்துக்கொள்வது எல்லாம் தவறு. ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது, வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும். திறந்த தேதியை டப்பா மேலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். கெட்டுப்போன ஸ்ட்ரிப் வேலை செய்யாமல் போனால்கூடப் பரவாயில்லை. பொய்யான எண்ணைக் காட்டுவதுதான் ஆபத்து.

இன்சுலினுக்குப் பகை வெயில். பிரிக்காத பாட்டில் 2 முதல் 8 டிகிரிக்குள் ஃபிரிட்ஜில் இருக்கட்டும். ஃப்ரீசரிலோ அதை ஒட்டியோ வேண்டாம், உறைந்தால் வீண். உபயோகத்தில் இருக்கும் பாட்டில் 30 டிகிரிக்குக் கீழே சுமார் 28 நாள் தாங்கும். சித்திரை வைகாசியில் நம் ஊர் ஓட்டு வீடும் தகர வீடும் 30 டிகிரிக்குள் நிற்காது. ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால், தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் இன்சுலின் பாட்டிலை இறுக்கி மூடிய சின்ன டப்பாவில் போட்டு மிதக்கவிட்டு, பானையை நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். ஐப்பசி, கார்த்திகைப் புயல் நாட்களில் கரண்ட் இரண்டு மூன்று நாள் இல்லாமல் போனாலும் இதே ஏற்பாடு உதவும். பாம்பன் துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள் என்று கேள்விப்பட்ட அன்றே, இரண்டு வாரத்துக்கான மருந்து வீட்டில் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், மழைக்காலத்துக்கு முன்பே கொண்டுவரும் சகோதரியிடம் சொல்லி வைப்பது நல்லது.

இவை எல்லாவற்றையும்விட முக்கியம் ஒரு தாள். அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேட்டு, அவர் கையாலேயே பதிலை எழுதி வாங்குங்கள். காய்ச்சலில் நான் எந்த மாத்திரையைத் தொடர வேண்டும், வாந்தி பேதி வந்தால் எதை நிறுத்த வேண்டும்? சாப்பாடு பாதியாகிவிட்டால் இன்சுலின் எத்தனை யூனிட்? சுகர் எந்த எண்ணைத் தாண்டினால் உங்களிடம் வர வேண்டும்? காலையும் மாலையும் 30/70 கலவை இன்சுலின் போடுகிறவர்களுக்கு இரண்டாவது கேள்வி ரொம்ப அவசியம். அந்த ஒரே ஊசியில் சாப்பாட்டுக்கான பங்கும், சாப்பிடாவிட்டாலும் உடம்புக்குத் தேவையான அடிப்படைப் பங்கும் கலந்திருப்பதால் வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட முடியாது.

உடம்பு சரியில்லாத முதல் நாள்

1. கையை சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, சுகர் பாருங்கள். மாம்பழம் வெட்டிய கை, கருப்பட்டி உடைத்த கை, இளநீர் பட்ட கை என்றால் எண் பொய்யாக ஏறும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள்.

2. எண்ணை நேரத்தோடு எழுதுங்கள். பக்கத்திலேயே காய்ச்சல் எவ்வளவு, என்ன குடித்தார், எத்தனை முறை வாந்தி, சிறுநீர் போனாரா என்பதையும். டாக்டருக்கு இந்தத் தாள் பத்து நிமிடப் பேச்சை மிச்சப்படுத்தும்.

3. மாத்திரை மட்டும் எடுக்கிறவர் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை பாருங்கள். இன்சுலின் போடுகிறவர் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியிலும். டைப் 1 (கணையம் இன்சுலினைக் கிட்டத்தட்டச் சுரக்கவே செய்யாத வகை) என்றால் 2 முதல் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை.

4. தண்ணீர். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி. குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால் டம்ளரை விட்டுவிட்டு 5 நிமிடத்துக்கு ஒரு மேசைக்கரண்டி கொடுங்கள். ஒரேயடியாகக் குடிப்பதைவிட அது நிற்கும். இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. அவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

5. டைப் 1 ஆனாலும், ஃப்ளோசின் மாத்திரை எடுத்தாலும், வாந்தியோ வயிற்றுவலியோ மூச்சுவாங்கலோ இருந்தால் கீட்டோன் பட்டையைச் சிறுநீரில் நனைத்து, டப்பாவில் போட்டிருக்கும் நொடிக்கு நிறத்தை ஒப்பிடுங்கள். நேரம் தாண்டிப் பார்த்தால் நிறம் மாறிக் காட்டும்.

6. வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். சுகர் ஏறினாலும் இறங்கினாலும் முதலில் மங்குவது புத்தி. “எனக்கு ஒண்ணுமில்ல, தூங்க விடு” என்று நோயாளி சொல்வதை அப்படியே நம்பிவிடக்கூடாது.

எந்த மருந்தைத் தொடர்வது, எதை நிறுத்தி வைப்பது

டைப் 1 நோயாளி இன்சுலினை ஒருபோதும் முழுக்க நிறுத்தக்கூடாது, ஒரு வாய் கஞ்சி இறங்காவிட்டாலும். அடிப்படை இன்சுலின் நின்றால் உடம்பு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்னும் அமிலத்தை உண்டாக்கும். சில மணி நேரத்திலேயே நிலைமை மோசமாகலாம். நோய் நாளில் பலருக்கு வழக்கத்தைவிட அதிக யூனிட்தான் தேவைப்படும். டைப் 2வில் (கணையம் ஓரளவு இன்சுலின் சுரக்கும் வகை) இன்சுலின் போடுகிறவரும் தானாக நிறுத்தக்கூடாது. குறைப்பதா கூட்டுவதா என்பது எழுதி வாங்கிய தாளின்படி, அல்லது போனில் டாக்டரைக் கேட்டு.

மாத்திரைகளில் மெட்ஃபார்மினை முதலில் பார்ப்போம். வெறும் காய்ச்சல், சளி. ஓரளவு சாப்பிடுகிறார், தண்ணீர் குடிக்கிறார் என்றால் தொடரலாம். வாந்தி, பேதி, உடம்பு வறட்சி வந்தால் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். வறட்சியில் சிறுநீரகம் தளர்ந்தால் மெட்ஃபார்மின் உடம்பில் தங்கி, ரத்தத்தில் அமிலம் சேரக் காரணமாகலாம்.

கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளாசைடு வகை கணையத்தை நேரடியாகத் தூண்டுபவை. சாப்பிடாதவருக்கு இதைக் கொடுத்தால் சுகர் 70க்குக் கீழே இறங்கிவிடலாம், வயதானவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும். அந்த வேளைச் சாப்பாடு இல்லையென்றால் இந்த மாத்திரையும் இல்லை. ஆனால் சுகரைக் கட்டாயம் பாருங்கள். 250க்கு மேல் இருந்தால் மாத்திரையை விட்டதோடு விட்டுவிடாமல் டாக்டரைக் கேளுங்கள்.

ஒரு சிக்கல் இங்கே உண்டு. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் ஒரே மாத்திரையாக வருவது மிகச் சகஜம். அட்டையின் பின்பக்கம் இந்த இரண்டு பெயரும் இருந்தால் உங்களுடையதும் அதுதான். அதில் ஒன்றை மட்டும் நிறுத்த முடியாது. நோய் நாளுக்கென்று தனித்தனி மாத்திரை எழுதித் தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளோசின் மாத்திரைகளை வாந்தி, பேதி, பட்டினி, அதிகக் காய்ச்சல் எதுவானாலும் நிறுத்த வேண்டும். இவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. அதனால் மீட்டரில் 180, 200 என்று சாதாரணமாகத் தெரியும்போதே உள்ளே கீட்டோன் ஏறியிருக்கக்கூடும். எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்து ஏமாந்துவிடும் இடம் இது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின் வகையால் பொதுவாகப் பெரிய தொந்தரவு இல்லை.

பிரஷர் மாத்திரையும் கணக்கில் வரும். டெல்மிசார்ட்டான், லோசார்ட்டான், எனலாப்ரில், ராமிப்ரில், நீர் பிரியும் மாத்திரைகள் ஆகியவை உடம்பு வறண்ட நேரத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். பேதி வந்தால் இவற்றைத் தொடரலாமா என்று அன்றே கேட்டுவிடுங்கள்.

கஞ்சி, ஓ.ஆர்.எஸ்., இளநீர், கருப்பட்டி

நோய் நாளில் மாவுச்சத்தை முழுக்க விட்டுவிடக்கூடாது. மருந்து வேலை செய்துகொண்டிருக்கிறது; கீட்டோன் சேராமல் இருக்கவும் கொஞ்சம் மாவுச்சத்து வேண்டும். வழக்கமான சாப்பாடு இறங்கவில்லை என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுமார் 15 கிராம் மாவுச்சத்து போதும். அதற்கு எளிய வழி அரிசிக் கஞ்சி. ஒன்றரை மேசைக்கரண்டி அரிசி, அதாவது சுமார் 20 கிராம். ஒன்றிரண்டாகப் பொடித்து, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, உப்புப் போட்டு மெதுவாகக் குடிக்க வேண்டும். அதில் ஏறக்குறைய 15 கிராம் இருக்கும். கஞ்சி பிடிக்காதவர்களுக்கு ஒரு இட்லி, ஒரு துண்டு பிரெட், மூன்று மேரி பிஸ்கட் இவற்றில் ஒன்று. கேழ்வரகுக் கூழுக்கும் கணக்கு இதுதான். கேழ்வரகு என்பதால் குண்டான் நிறையக் குடிக்கலாம் என்றில்லை.

சுகர் 200க்கு மேல் இருந்தால் இடையிடையே குடிப்பது இனிப்பில்லாததாக இருக்கட்டும்: சீரகத் தண்ணீர், ரசம், உப்புப் போட்ட நீர் மோர். 100ஐ நெருங்கி இறங்கினால் கஞ்சியைக் கூட்டுங்கள். 70க்குக் கீழே போனால் தலைதட்டிய மூன்று தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கலந்து உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் மறுபடி அதே அளவு. கடலை மிட்டாயும் சாக்லேட்டும் இதற்கு உதவாது; அவற்றிலிருக்கும் கொழுப்பு சர்க்கரை சீக்கிரம் ஏறவிடாது. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். அது நேராக 108க்குப் போன் செய்ய வேண்டிய நிலை.

“ஓ.ஆர்.எஸ்.ல சர்க்கரை இருக்கே, குடிக்கலாமா?” என்று பலர் பயந்து பேதியிலும் தள்ளி வைக்கிறார்கள். உலக சுகாதார நிறுவன அளவுப்படியான பொட்டலத்தை 1 லிட்டரில் கரைத்தால் குளுக்கோஸ் 13.5 கிராம். 200 மில்லி டம்ளருக்கு 2.7 கிராம், ஒரு தேக்கரண்டி கூட இல்லை. தாராளமாகக் குடிக்கலாம். கரைக்கும் அளவு மட்டும் தப்பக்கூடாது. 1 லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து பேதி கூடும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். கடையில் பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் விற்கும் இனிப்புப் பானங்கள் வேறு; அவற்றில் சர்க்கரை பல மடங்கு இருக்கும், ஓ.ஆர்.எஸ். என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

இளநீரில் சர்க்கரை உண்டு, பொட்டாசியம் நிறைய உண்டு. சுகர் 200க்குக் கீழே இருந்தால் ஒன்று குடிக்கலாம், அதை ஒரு வேளை மாவுச்சத்தாக எண்ணிக்கொள்ளுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

கருப்பட்டி விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். சாயல்குடி பக்கத்துப் பனங்கருப்பட்டி அருமையான பண்டம், ஆனால் அதுவும் சர்க்கரைதான். கருப்பட்டி சுகரை ஏற்றாது என்ற நம்பிக்கை நம் பக்கம் ஆழமாக வேரூன்றிவிட்டது. காய்ச்சலுக்குச் சுக்கு மல்லிக் காப்பி போட்டு ஒரு நாளைக்கு நான்கு வேளை கருப்பட்டியோடு கொடுத்தால், காய்ச்சல் ஏற்றும் சுகரோடு இதுவும் சேரும். இருமலுக்குப் பனங்கற்கண்டும் அப்படியே. சுக்கு, மல்லி, மிளகு எல்லாம் போடுங்கள், இனிப்பை மட்டும் விடுங்கள்.

ஊசி போடும் இடத்தில் சொல்ல வேண்டியவை

காய்ச்சலுக்குப் பக்கத்துக் கிளினிக்குப் போனால், வாய் திறந்து முதலில் சொல்ல வேண்டியது “எனக்குச் சுகர் இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடுறேன்” என்பது. மாத்திரை அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

சட்டென்று தெம்பு வருவதற்காகச் சிலர் டெக்ஸாமெத்தசோன், பெட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. இது கார்ட்டிசாலின் வேலையைப் பல மடங்கு செய்யும். சுகர் இரண்டு மூன்று நாளைக்குத் தாறுமாறாக ஏறும். ஆஸ்துமா போன்ற நோய்க்கு ஸ்டீராய்டு உண்மையிலேயே தேவைப்படும், அப்போது மறுக்கக்கூடாது. சுகர் மருந்தைக் கூட்ட வேண்டுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காலையில் பிரெட்னிசலோன் மாத்திரை எடுத்தால் ஏற்றம் மத்தியானத்துக்கு மேல்தான் தெரியும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தால் தப்பிவிடும், சாயங்காலமும் பாருங்கள்.

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி விடுங்க” என்று நாமே கேட்டு வாங்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 500 மில்லி பாட்டிலில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. சுகர் 300 இருப்பவருக்கு அது நேராக ரத்தத்தில் இறங்கும். ஏற்றுவதற்கு முன் சுகர் பார்க்கச் சொல்லுங்கள்.

உடம்புவலிக்கு டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வேண்டாம். வறண்ட சிறுநீரகத்துக்கு அவை கேடு. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் வேறு. பாரசிட்டமால் போதும். பேதிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கொடுக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் கிளிமிபிரைடு வகையோடு சேர்ந்தால் சுகரைச் சட்டென்று இறக்கிவிடலாம். அவை எழுதப்பட்டால் அந்த நாட்களில் ராத்திரி படுக்கும் முன்பும் ஒரு தடவை சுகர் பாருங்கள்.

முள் குத்தும் சிப்பி வெட்டும்

கரையில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும், வலை பிரிப்பவர்களுக்கும், பாசி எடுக்கத் தண்ணீருக்குள் இறங்கும் பெண்களுக்கும் சுகர் ஏற்றத்தின் மூலம் பல நேரம் இந்தச் சின்னக் காயத்தில்தான் இருக்கும். கால் மரத்துப்போனவருக்கு முள் ஏறியதே தெரியாது. தினமும் கடலைவிட்டு வந்ததும் நல்ல தண்ணீரில் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்து, அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வெட்டோ குத்தோ இருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீரும் போட்டு 5 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி டி.டி. ஊசி தேவையா என்று கேளுங்கள். கெளுத்தி முள்ளுக்கும் திருக்கை முள்ளுக்கும் வலி குறையச் சூடான தண்ணீரில் காலை வைப்பது சரியான முறைதான். ஆனால் சர்க்கரை நோயாளி சூட்டைத் தானே சோதிக்கக்கூடாது. மரத்த கால் வெந்துபோவது தெரியாது. உணர்ச்சி உள்ள இன்னொருவர் கை விட்டுப் பார்த்து, அவர் கை தாங்கும் சூட்டில்தான் வைக்க வேண்டும்.

கடல் தண்ணீரில் வாழும் விப்ரியோ என்னும் கிருமி, சர்க்கரை நோயும் கல்லீரல் கோளாறும் உள்ளவர்களை மூர்க்கமாகத் தாக்கக்கூடியது. காயத்தைச் சுற்றி மணிக்கு மணி வீக்கம் ஏறினாலும், கொப்புளமோ கறுஞ்சிவப்போ கண்டாலும், காயத்தின் அளவுக்கு மீறி வலித்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கவலை ஏற்றும் சுகர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது. முடியும்போது பள்ளிக்கூடம் திறந்து ஃபீஸ் வந்து நிற்கும். கடலுக்குப் போனவர்கள் பிடிபட்டார்கள் என்று செய்தி வந்தால் ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தெருவே தூங்காது. இந்த நாட்களில் சுகர் ஏறுவது நோயாளியின் ஒழுங்கீனம் அல்ல. மேலே சொன்ன ஹார்மோன்கள் நாள்கணக்கில் ஓயாமல் ஓடுவதன் விளைவு. கூடவே தூக்கம் கெடுகிறது. சரியாகத் தூங்காத மறுநாள் இன்சுலின் வேலை செய்வது குறையும். வேளை தப்பிச் சாப்பிடுவதும், டீயும் பீடியும் கூடுவதும் அதன்மேல் சேர்கின்றன.

உங்கள் சுகரைக் கவலை எவ்வளவு ஆட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. இரண்டு வாரம், சுகர் பார்க்கும் ஒவ்வொரு முறையும், மீட்டரைத் தொடும் முன்பே மனசு எப்படி இருக்கிறது என்று 0 முதல் 10க்குள் ஒரு எண் எழுதுங்கள். அதன் பக்கத்தில் சுகர் எண்ணை எழுதுங்கள். முதலில் மீட்டரைப் பார்த்துவிட்டால் அந்த எண்ணே மனசைக் குழப்பிவிடும். இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் டாக்டரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்; மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் அவருக்கு அது தெரிய வேண்டும்.

படபடப்பு, வேர்வை, கை நடுக்கம் ஆகியவை பயத்திலும் வரும், சுகர் இறங்கினாலும் வரும். அறிகுறியை வைத்து லோ சுகர் என்று முடிவு கட்டி இனிப்பைத் தின்றுவிட்டு 300 ஏற்றிக்கொள்பவர்கள் உண்டு. மீட்டர் கையில் இருந்தால் முதலில் பாருங்கள். மீட்டர் இல்லாத இடத்தில், படகிலோ பஸ்ஸிலோ என்றால், இறங்கியதாகவே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் சாப்பிடுவதுதான் பாதுகாப்பு. ராத்தொழிலுக்குப் போகிறவர்கள் திருகு மூடி பாட்டிலில் குளுக்கோஸ் பவுடர் வைத்துக்கொள்ளுங்கள், பொட்டலமாக வைத்தால் உப்புக்காற்றில் கட்டியாகிவிடும். கூட வரும் ஒருவருக்காவது உங்களுக்குச் சுகர் இருப்பது தெரிந்திருக்கட்டும். வெறும் வயிற்றில் சாராயம் வேண்டவே வேண்டாம். அது கல்லீரலைச் சர்க்கரை விடவிடாமல் தடுக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கடலில் மயக்கம்.

கவலையின் காரணத்தைத் தீர்க்க முடியாவிட்டாலும் அது ஏற்றும் சுகரைக் கொஞ்சம் இறக்க முடியும். சாப்பிட்டு முடித்ததும் 10, 15 நிமிடம் நடப்பது கண்கூடாகக் குறைக்கும். காய்ச்சல் இருக்கும்போதும், சுகர் 300ஐத் தாண்டியிருக்கும்போதும் மட்டும் நடக்க வேண்டாம். மூச்சை 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விட்டு, 5 நிமிடம் செய்தால் படபடப்பு தணியும். என்ன நடந்தாலும் மூன்று வேளைச் சாப்பாட்டு நேரத்தை மட்டும் மாற்றாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல், “மாத்திரை தின்னு என்ன ஆகப் போகுது” என்ற பேச்சு வந்தால் அதற்குத் தனி மருத்துவம் தேவை. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் நாள் முழுவதும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

நோன்பு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம் பக்கத்து வீடுகளில் ரமலானில் காய்ச்சல் வந்தாலும் நோன்பை விட மனம் வராது. நோயாளிக்கு மார்க்கமே சலுகை கொடுத்திருக்கிறது, பிறகு ஈடுசெய்யலாம். சுகர் 70க்குக் கீழே இறங்கினாலோ, 300ஐத் தாண்டினாலோ, உடம்பு வறண்டாலோ அந்த நிமிடமே நோன்பை முடித்துக்கொள்ளுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

சுகர் அடுத்தடுத்து இரண்டு முறை 300க்கு மேல், 4 மணி நேரத்துக்கு மேல் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை, 6 மணி நேரத்துக்கு மேல் பேதி நிற்கவில்லை, கீட்டோன் பட்டை நடுத்தரமோ அதற்கு மேலோ காட்டுகிறது, மூச்சு ஆழமாக வேகமாக வாங்குகிறது, மூச்சில் அழுகிய பழ வாடை, சிறுநீர் நின்றுவிட்டது, பேச்சு குழறுகிறது, கூப்பிட்டால் சரியாகப் பதில் இல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் 108. கர்ப்பிணியும், டைப் 1 உள்ள குழந்தையும் என்றால் இவ்வளவு வரை காத்திருக்கவே வேண்டாம், வாந்தி தொடங்கியதுமே காட்ட வேண்டும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரும். காரணமே இல்லாமல் சுகர் ஏறி, குளிர்ந்த வேர்வை, மூச்சுத் திணறல், வாயுக்கோளாறு போன்ற மேல்வயிற்று இறுக்கம் இருந்தால் சோடா குடித்துப் பார்த்து நேரத்தை வீணாக்கக்கூடாது. ராமேஸ்வரம் தீவிலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். தூரத்தில் இருப்பவர்கள் முடிவை அந்த அளவுக்கு முன்னதாக எடுக்க வேண்டும்.

காய்ச்சல் விட்ட பிறகு

உடம்பு தேறத் தேற இன்சுலின் தேவை இறங்கும். நோய் நாளில் கூட்டிய யூனிட்டை அப்படியே தொடர்ந்தால் மூன்றாம் நான்காம் நாள் லோ சுகர் வரும், பெரும்பாலும் ராத்திரியில். அதனால் காய்ச்சல் நின்று மூன்று நாளாவது சுகர் பார்ப்பதை விடாதீர்கள். நிறுத்தி வைத்த மெட்ஃபார்மினையும் ஃப்ளோசினையும், வாந்தி பேதி நின்று வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு மறுபடி தொடங்கலாம். வறட்சி கடுமையாக இருந்திருந்தால் அதற்கு முன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் சோதனை) பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நிறுத்திய மாத்திரையின் பெயரையும் தேதியையும் வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறுபடி தொடங்க மறந்துபோய் மாதக்கணக்கில் மருந்தில்லாமல் இருந்துவிடுவது நிறைய வீடுகளில் நடக்கிறது.